250 மணி நேர பைலட்டுக்கு நாள் கூலி எவ்வளவு?

கேள்வி
ஏப்ரல் 6, 2024

டெக்சாஸில் இருக்கிறேன். கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. லாக்புக்கில், அதாவது பறந்த நேரம் பதியும் புத்தகத்தில், 257 மணி நேரம், முக்கால்வாசி செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில். எங்கள் ஏர்போர்ட்டில் ஒரு பெரியவர் சொந்தமாக பொனான்சா ஏ36 என்ற ஒற்றை எஞ்சின் விமானம் வைத்திருக்கிறார். கண் கோளாறால் அவருடைய மெடிக்கல், அதாவது ஓட்டுவதற்கான உடல்தகுதிச் சான்று, போய்விட்டது. மாதம் இரண்டு தடவை குடும்பத்தோடு நியூ மெக்சிகோ போய்வர பைலட் தேடுகிறார். "நீயே சொல்லு, எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டுவிட்டார். என்ன சொல்வது? லாக்புக்கில் மணிக்கணக்கு ஏறினால் போதும், சும்மாவே ஓட்டித் தருகிறேன் என்று சொல்லிவிடலாமா என்றும் இருக்கிறது. அனுபவப்பட்ட அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

பதில்
ஏப்ரல் 6, 2024, இரவு

சும்மா ஓட்டாதீர்கள் தம்பி. நாள் கணக்கில் கேளுங்கள். மணிக் கணக்கில் கூலி பேசவே பேசாதீர்கள். ஏன் என்று பிறகு எழுதுகிறேன், நாளை காலை ஆறரைக்கு ஒரு மாணவர் வருகிறார்.

சட்டப்படி இந்த வேலையில் தப்பில்லை. விமானம் அவருடையது, எங்கே எப்போது போவது என்பது அவர் முடிவு, நீங்கள் கூலிக்கு ஓட்டுபவர். விமானமும் பைலட்டும் ஒரே கையிலிருந்து வந்தால்தான் அது சார்ட்டர், அதாவது வாடகை விமான சேவை, அதற்குத் தனி அனுமதி வேண்டும். இங்கே இரண்டும் வேறு வேறு கை.

ஒன்று மட்டும்: இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதாவது வெளியே ஒன்றும் தெரியாத மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி, இருக்கிறதா? இல்லையென்றால் காசு வாங்கவே கூடாது.

ஏப்ரல் 7, 2024

மேலே கடைசி வரியைத் திருத்துகிறேன். ஒருவர் தனிச்செய்தியில் காதைத் திருகிவிட்டார், நியாயம்தான். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லாத கமர்ஷியல் பைலட்டும் காசு வாங்கலாம். ஆனால் கூலிக்கு ஆள் ஏற்றும்போது 50 நாட்டிகல் மைலுக்கு மேல் வெளியூர்ப் பயணம் போக முடியாது, இரவில் ஆளே ஏற்ற முடியாது. நியூ மெக்சிகோவுக்கு 50 மைலில் போவதென்றால் விமானத்தை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அதனால் உங்கள் விஷயத்தில் விடை மாறவில்லை, நான் சொன்ன விதி மட்டும் தப்பு.

இரண்டாம் வகுப்பு மெடிக்கலும் வேண்டும். கூலிக்கு ஓட்டுவதற்கு அது 12 மாதம்தான் செல்லும். தேதியைப் பாருங்கள். நான் ஒரு தடவை பார்க்காமல் விட்டு, ஹேங்கர் வாசலில் நின்றபடி கண்டுபிடித்தேன்.

ஏப்ரல் 9, 2024

இப்போது நேரம் இருக்கிறது. மணிக் கணக்கு ஏன் கூடாது என்று என் கதையாகவே சொல்கிறேன்.

நான் முதன்முதலில் கூலிக்கு ஓட்டியதும் பொனான்சா ஏ36தான். அப்போது என் கணக்கு 268 மணி, உங்களை விட 11 மணி மூத்தவன். ஓனர் கட்டட ஒப்பந்ததாரர். நல்ல மனிதர், ஏமாற்றுகிற ஆள் இல்லை. மணிக்கு 50 டாலர் என்றார். எஞ்சின் ஓடும் நேரத்துக்கு மட்டும். எனக்கு அது வானத்திலிருந்து விழுந்த காசு. அதுவரை ஒவ்வொரு மணிக்கும் நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன், என் லைசென்ஸுகளுக்கு நான் கொட்டியது 70,000 டாலருக்கு மேல்.

ஜூன் மாதம், ஆஸ்டினுக்கு வடக்கே உள்ள ஜார்ஜ்டவுனிலிருந்து நியூ மெக்சிகோவின் சாண்டா ஃபே. போகும்போது ஒரு குறையும் இல்லை. மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றார். ஓனர், அவர் மனைவி, மகன், கோல்ஃப் பைகள் இரண்டு, ஒரு ஐஸ் பெட்டி. டேங்க் நிறைய பெட்ரோல், 74 கேலன், அது மட்டுமே 444 பவுண்டு. வெயில் 30 டிகிரி.

சாண்டா ஃபே ஏர்போர்ட் கடல் மட்டத்திலிருந்து 6,349 அடி. அந்த உயரத்துக்கு இயல்பான வெப்பநிலை இரண்டரை டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. 30 டிகிரி என்றால் ஏறக்குறைய 28 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி என்று பெருக்கிக் கூட்டிப் பாருங்கள்: தரையில் நிற்கும் விமானத்துக்கு அந்தக் காற்று 9,700 அடிக் காற்று மாதிரி மெலிந்திருக்கும். இந்தக் கணக்கைத் தேர்வில் போட்டு நூற்றுக்கு நூறு வாங்கியவன் நான். ஆனால் நான் பழகிய ஜார்ஜ்டவுன் 800 அடி கூட இல்லை. அங்கே டேக்ஆஃப் என்றால் சிவப்புக் குமிழை, அதாவது எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரை, முழுக்க உள்ளே தள்ளிவிட்டுத்தான் கிளம்புவோம். நூற்றுக்கணக்கான தடவை அப்படியே செய்த கை. சாண்டா ஃபேயிலும் கை அதையே செய்தது.

மெலிந்த காற்றில் முழுப் பெட்ரோல் போனால் எஞ்சின் மூச்சுத் திணறும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அங்கே முழுசாகக் கொடுத்தாலே 70 சதவீதம்தான் பலம், அதிலும் நான் பாதியை நனைத்துவிட்டேன். ரன்வேயில் ஓடுகிறது, ஓடுகிறது, வேகம் காட்டும் ஊசி 50 நாட் (knot) அளவிலேயே நிற்கிறது. சத்தம் வேறு கரகரப்பாக இருந்தது. பின்சீட்டில் அந்த அம்மா சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சிரிப்புதான் இன்றும் ஞாபகம். திராட்டிலை இழுத்து நிறுத்தினேன். நீளமான ரன்வே, நிற்க இடம் இருந்தது.

டாக்சிவேயில் ஒதுங்கியதும் என்ன தப்பு செய்தேன் என்று புரிந்துவிட்டது. மிக்சரைச் சரிசெய்து இன்னொரு முறை போயிருக்கலாம். அநேகமாகக் கிளம்பியும் இருக்கும். ஆனால் கை நடுங்கியது. "நாளைக் காலை ஏழு மணிக்குப் போகலாம், குளிர்ந்த காற்று வேண்டும்" என்றேன். ஓனர் ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குப் போய்ப் படுத்தபோது என் மனதில் ஓடியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். பயம் அரை மணி நேரத்தில் போய்விட்டது. "இன்று மூன்றரை மணி நேரம் போச்சு, 175 டாலர் போச்சு, ஹோட்டலுக்கு என் கையிலிருந்து 140" என்றுதான் மிச்ச இரவு முழுவதும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் கணக்கு மதியமே என் தலையில் ஓடியிருந்தால் நான் இரண்டாவது முறை முயன்றிருப்பேன். மணிக் கணக்குச் சம்பளத்தில் உள்ள விஷம் அது. போகாமல் இருந்தால் பைலட்டுக்கு நஷ்டம்.

ஏப்ரல் 9, 2024, கொஞ்சம் கழித்து

நீளமாக எழுதிவிட்டேன். சுருக்கம் வேண்டும் என்பவர்களுக்கு: நம் ஊரில் வாடகைக் கார் எடுத்துத் திருப்பதி போனால் டிரைவருக்கு பேட்டா கொடுக்கிறோம், இரவு தங்கினால் நைட் ஹால்ட் கொடுக்கிறோம். நாம் தரிசன வரிசையில் நிற்கிற நேரத்தில் அவர் வண்டிக்குள் தூங்கினாலும் அன்றைய கூலி உண்டு. 50 டாலருக்குத் தலையாட்டிய அன்று எனக்கு இது ஞாபகம் வரவில்லை. பைலட் என்றதும் பெரிய படிப்பு என்று நினைத்துக்கொண்டு டிரைவருக்குத் தெரிந்ததைக் கூட மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 13, 2024

"சும்மா ஓட்டினால் யாருக்கு நஷ்டம்? எல்லாரும் அப்படித்தான் மணி சேர்த்தார்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

உங்களிடம் கமர்ஷியல் லைசென்ஸ் இருக்கிறது, ஆகவே சும்மா ஓட்டுவது சட்ட மீறல் இல்லை. கூலிக்கு ஓட்ட உரிமை இல்லாத பிரைவேட் லைசென்ஸ்காரர்தான் மாட்டுவார். அவர் ஒரு காசு வாங்காவிட்டாலும், அடுத்தவர் பெட்ரோலில் தன் லாக்புக்கில் மணி ஏற்றிக்கொள்வதையே அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ ஒரு வகைக் கூலியாக எண்ணுகிறது. நண்பர்களோடு போனால் பெட்ரோல், ஆயில், ஏர்போர்ட் கட்டணம், விமான வாடகை ஆகியவற்றைப் பங்கு போடலாம். நான்கு பேர் ஏறினால் ஓட்டுபவர் கால் பங்காவது தன் பையிலிருந்து போட வேண்டும். "நான் ஓட்டுகிறேன், நீங்கள் மூவரும் பெட்ரோல் போடுங்கள்" என்பது கிடையாது.

மணிக்கணக்கின் மதிப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. 2009இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பக்கத்தில் கோல்கன் ஏர் நிறுவனத்தின் பயணிகள் விமானம் விழுந்தது. அதற்குப் பின் வந்த சட்டத்தால், 2013 முதல் ஏர்லைனில் துணை விமானியாக உட்காரவே 1,500 மணி வேண்டும். குறிப்பிட்ட கல்லூரிப் படிப்புக்கும் ராணுவ அனுபவத்துக்கும் சலுகை உண்டு. 257இலிருந்து 1,500 வரைக்கும் உள்ள பாலைவனத்தைத்தான் எல்லாரும் நடந்தே கடக்கிறார்கள். அதில் யாராவது தண்ணீர் காட்டினால் விலை கேட்கத் தோன்றாது, உண்மைதான். ஓனர்களுக்கும் அது தெரியும்.

ஆனால் சும்மா ஓட்டுபவன் "இன்று வேண்டாம்" என்று சொன்னால் அவன் குரலுக்கு எடை இல்லை. நமக்கு உதவி செய்ய வந்த பையன் பயப்படுகிறான் என்றுதான் படும். 400 டாலர் வாங்குபவன் சொன்னால் ஆலோசனையாகக் கேட்கிறது. இது மனித சுபாவம், விதிப் புத்தகத்தில் இல்லை.

ஏப்ரல் 20, 2024

கேட்டவர் இன்று ஒரு தகவல் சேர்த்திருக்கிறார், அதைப் படித்ததும் காபியை வைத்துவிட்டேன். இதுவரை அவர் சக்கரம் மடங்கும் விமானத்தில் ஏறியதே இல்லையாம்.

அவர் மேல் தப்பில்லை. முன்பெல்லாம் கமர்ஷியல் லைசென்ஸுக்கு மடக்குச் சக்கர விமானத்தில் 10 மணி நேரம் பழக வேண்டும். 2018இல் விதி மாறியது: திரைகளோடு கூடிய நவீன விமானத்தில் அந்த 10 மணியைப் போட்டாலும் போதும். பழைய மடக்குச் சக்கர விமானங்கள் பயிற்சிப் பள்ளிகளில் கிடைப்பது அரிதாகிவிட்டதால் அது நியாயமான மாற்றம்தான். அதன் பக்கவிளைவு, சக்கரத்தைத் தொடாமலே கூலிப் பைலட் ஆகலாம். பொனான்சாவுக்கு அவருக்கு லாக்புக்கில் இன்ஸ்ட்ரக்டரின் இரண்டு கையெழுத்து வேண்டும்: மடக்குச் சக்கரத்துக்கு ஒன்று, 200 குதிரைத்திறனுக்கு மேல் என்பதற்கு ஒன்று.

கையெழுத்து இரண்டு நாளில் கிடைத்துவிடும். கை பழகுவதற்குத்தான் நாளாகும். செஸ்னா 172இலிருந்து பொனான்சாவுக்குப் போகும்போது என்னைக் குழப்பியவை:

செஸ்னாவில் பெட்ரோல் வால்வை "இரண்டும்" என்று வைத்துவிட்டு மறந்துவிடலாம். பொனான்சாவில் இடது அல்லது வலது. மாற்ற மறந்தால் ஒரு டேங்க் நிறைய பெட்ரோலோடு எஞ்சின் நிற்கும்.

பைப்பர் விமானம் ஓட்டியவர்கள் டேக்ஆஃபுக்கு முன் பெட்ரோல் பம்பைப் போடுவார்கள், கைப்பழக்கம். ஐஓ-520 எஞ்சின் உள்ள பொனான்சாவில் அதே பழக்கத்தில் பம்பை 'ஹை'யில் போட்டால் எஞ்சின் பெட்ரோலில் மூழ்கும். ஒரு விமானத்தில் உயிர் காக்கிற பழக்கம் இன்னொன்றில் உயிரை எடுக்கிறது.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற சுவிட்சுகள். 1984க்கு முந்தைய பொனான்சாக்களில் சக்கர சுவிட்சும், ஃபிளாப் எனும் இறக்கை மடலுக்கான சுவிட்சும் மற்ற விமானங்களுக்கு நேர் எதிராக இடம் மாறி இருக்கும். இறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபிளாப்பை மடக்குகிறேன் என்று சக்கரத்தை மடக்கி, விமானத்தை வயிற்றில் உட்கார வைத்தவர்கள் ஏராளம். எனக்குக் கற்றுக்கொடுத்த கிழவர் ரன்வேயை விட்டு வெளியே வரும்வரை என் வலது கையை என் முழங்காலில் வைக்கச் சொல்வார். வைக்காவிட்டால் அடிப்பார். நிஜமாகவே அடிப்பார்.

ஏப்ரல் 21, 2024

பொனான்சா பேச்சு வந்தால் பட்டி ஹாலி பேச்சும் வரும். 1959 பிப்ரவரி 3, அயோவா மாநிலம் கிளியர் லேக். நள்ளிரவுக்கு மேல், பனி தூறும் வானம். பாடகர் ஹாலியும் இன்னும் இரு பாடகர்களும் பொனான்சாவில் ஏறினார்கள். பைலட் ரோஜர் பீட்டர்சனுக்கு 21 வயது. ஆறு மைல் தாண்டவில்லை, நால்வரும் போய்விட்டார்கள்.

அந்தப் பையன் கற்றுக்குட்டி என்று நினைக்காதீர்கள். 711 மணி நேரம் பறந்தவன், பொனான்சாவில் மட்டும் நூற்றுக்கு மேல். கமர்ஷியல் லைசென்ஸ் இருந்தது. இல்லாதது இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். முந்தைய ஆண்டு அந்தச் சோதனையில் தோற்றிருந்தான். அதைவிடக் கொடுமை, அந்த விமானத்தின் கைரோ கருவி அவன் பழகிய கருவிகளுக்குத் தலைகீழாகக் காட்டும் வகை. மூக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று இருட்டில் அது சொல்வதை அவன் மாற்றிப் படித்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. வானிலை எச்சரிக்கைகளும் அவனுக்கு முழுசாகச் சொல்லப்படவில்லை.

கட்டணம் தலைக்கு 36 டாலர். மூன்று பேருக்கு 108.

ஓனருக்குக் கூலிக்கு ஓட்டப்போகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஏப்ரல் 21, 2024, மாலை

"அது ஓனர் விமானம் இல்லையே, சார்ட்டர்தானே" என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். சரிதான். பீட்டர்சன் அந்த ஊர் விமான சேவையில் வேலை பார்த்தவன். என் கடைசி வரி அவசரப்பட்டது.

ஆனால் யோசித்தால் அந்தத் திருத்தம் என் பக்கமே சாய்கிறது. இன்றைக்கு அமெரிக்காவில் அதே பொனான்சாவில் சார்ட்டராக ஆள் ஏற்றி மேகத்துக்குள் போக, பைலட்டுக்குக் குறைந்தது 1,200 மணி வேண்டும். அதே விமானம், அதே மேகம், ஏறுபவர் ஓனரும் அவர் பேரப்பிள்ளைகளும் என்றால் 250 மணிப் பைலட் போதும். டிக்கெட் வாங்கியவருக்கு உள்ள காப்பு ஓனருக்கு இல்லை. அவருக்குத் தெரியவும் தெரியாது. லைசென்ஸ் அட்டையைக் காட்டினால் டாக்டர் சான்றிதழ் பார்த்த மாதிரி திருப்தியாகிவிடுகிறார்.

மே 4, 2024

இன்ஷூரன்ஸ். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

ஓனரின் பாலிசியில் யார் யார் ஓட்டலாம் என்று ஒரு பத்தி இருக்கும். என் ஒப்பந்ததாரரின் பாலிசியில் என் பெயரைச் சேர்க்க, அந்த வகை விமானத்திலேயே இன்ஸ்ட்ரக்டரோடு 10 மணி நேரம் ஓட்டச் சொன்னார்கள். மேலே சொன்ன கிழவர் அப்படித்தான் வந்து சேர்ந்தார். அந்த 10 மணிக்கு ஓனர் பெட்ரோல் போட்டார், கிழவருக்கும் கூலி கொடுத்தார். எனக்கு ஒன்றும் இல்லை, நானும் கேட்கவில்லை. அது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

நான் அப்போது கவனிக்காதது: பெயர் சேர்ந்துவிட்டால் பாலிசி என்னைக் காக்கும் என்று நம்பினேன். அது காப்பது ஓனரை. நான் விமானத்தை நொறுக்கினால் கம்பெனி ஓனருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதே பணத்தை என்னிடம் வசூலிக்க வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். "பைலட்டிடம் திரும்ப வசூலிக்க மாட்டோம்" என்று எழுத்தில் வாங்க வேண்டும், அல்லது பாலிசியில் காப்பீடு பெறுபவராகவே நம்மைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஓனருடைய ஏஜென்ட்டுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் நடக்கிற காரியம். பதில் வரும்வரை சாவியைத் தொடாதீர்கள். வாய்வார்த்தையாக "எல்லாம் கவர் ஆகும்பா" என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை.

மே 5, 2024

"கிழவர் நிஜமாகவே அடித்தாரா?" ஆமாம். சுருட்டிய மேப்பால். இப்போது எல்லாரும் ஐபேட் வைத்திருப்பதால் அந்த வசதி போய்விட்டது.

மே 18, 2024

ஒருவர் தனியாகக் கேட்டார், பெயரில்லாமல் இங்கே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் ஆட்களில் பலருக்குப் பொருந்தும். டல்லாஸில், ஆஸ்டினில் ஐடி வேலை, வார இறுதியில் பறக்கப் பழகுவது என்று ஒரு கூட்டமே இருக்கிறது. எச்-1பி வேலை விசாவில் கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கலாமா? வாங்கலாம். போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏவின் அனுமதி வாங்கிக்கொண்டு பயிற்சி பெறலாம், எஃப்ஏஏ குடியுரிமை கேட்பதில்லை. ஆனால் ஓனரிடம் 400 டாலர் வாங்கினால் அது விசாவில் எழுதியிருக்கும் கம்பெனிக்கு வெளியே செய்த வேலை. ஒரே ஒரு நாள் ஆனாலும் அப்படித்தான். லைசென்ஸ் "கூலி வாங்கலாம்" என்கிறது, விசா "கூடாது" என்கிறது. படிப்பு விசாவும் ஏறக்குறைய இதே கதைதான், உரிய அனுமதி இல்லாமல் வேலை கிடையாது.

நான் இந்த ஒரு காரணத்துக்காக நாலு வருடம் காத்திருந்தேன். கிரீன் கார்டு வந்த வாரம் வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் இன்ஸ்ட்ரக்டர் தேர்வுக்குப் பணம் கட்டினேன்.

கேட்டவரிடம் கிரீன் கார்டு இருக்கிறதாம். தப்பித்தார்.

ஜூன் 2, 2024

கேட்டவர் ஓனரோடு பேசிவிட்டார். பேச்சு நன்றாகப் போயிருக்கிறது, கடைசியில் ஒரு வரியைத் தவிர. "என் சிநேகிதர்களையும் சில நேரம் கூட்டிப்போகலாம், அவர்கள் ஆளுக்கு 300 டாலர் பெட்ரோலுக்குக் கொடுப்பார்கள்."

வேண்டாம். அந்த 300 டாலர் ஓனர் கைக்குப் போகிற கணத்தில் இது சார்ட்டர் ஆகிவிடுகிறது. ஓனர் ஓட்டவில்லை, ஆகவே செலவைப் பங்கு போடுகிற சலுகையும் அவருக்கு இல்லை. சிநேகிதர்களை அவர் தன் விருந்தாளியாகக் கூட்டிப் போகட்டும், பத்துப் பேரை வேண்டுமானாலும். (ஆறு சீட்தான்.)

அர்ஜென்டினா கால்பந்து வீரர் எமிலியானோ சாலா நினைவிருக்கிறதா? 2019 ஜனவரி 21, பிரான்சின் நான்ட் நகரிலிருந்து கார்டிஃபுக்கு இரவில். ஒற்றை எஞ்சின் பைப்பர் மலிபு, தனியார் விமானம். பைலட்டிடம் பிரைவேட் லைசென்ஸ்தான். கூலிக்கு ஆள் ஏற்ற அவருக்கு உரிமை இல்லை, இரவில் பறக்கும் தகுதியும் இல்லை. குவெர்ன்சி தீவுப் பக்கம் கடலில் விழுந்தது. எக்சாஸ்ட் கசிவால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வந்திருந்தது, சாலாவின் ரத்தத்தில் அது மிக அதிகம். பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021 நவம்பரில் 18 மாதச் சிறை.

இங்கிலாந்து விதி வேறு, அமெரிக்க விதி வேறு. ஆனால் ஏறியவருக்கு அது எந்த வகைப் பயணம் என்று தெரியாது என்பது இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

இதைப் படித்த அன்றே நான் 30 டாலருக்கு ஒரு கார்பன் மோனாக்சைடு மீட்டர் வாங்கினேன். இப்போது கொஞ்சம் நல்லதாக மாற்றிவிட்டேன், சத்தம் போடுவது. யாருடைய விமானமானாலும் என் பையிலிருந்து அதுதான் முதலில் வெளியே வரும்.

ஜூன் 30, 2024

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "நாள் கணக்கில் கேளுங்கள்" என்று வீறாப்பாக எழுதிவிட்டு எவ்வளவு என்று சொல்லவே இல்லை. மூன்று மாதமாக யாரும் திரும்பக் கேட்கவும் இல்லை, நீங்களும் என்னைப் போலத்தான் போலிருக்கிறது.

நான் இப்போது வாங்குவது நாளுக்கு 400 டாலர், தங்கும் அறையும் சாப்பாடும் ஓனர் செலவு. பொனான்சா, சிரஸ் மாதிரி ஒற்றை எஞ்சினுக்கு. பறந்தாலும் பறக்காவிட்டாலும் அதே 400. முந்தைய நாள் மாலைக்குள் அவர் ரத்து செய்தால் ஒன்றும் வேண்டாம். பயணம் தொடங்குமுன்பே நான் வானிலை பார்த்து ரத்து செய்தால் பாதி. இதில் சுயதொழில் வரியே 15 சதவீதம் போல் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நான் முதல் வருடம் வைக்கவில்லை.

257 மணிக்கு 400 கேட்கலாமா? ஏப்ரலில் கேட்டிருந்தால் "கேளுங்கள், கூசாதீர்கள்" என்றிருப்பேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. நான் 268 மணியில் சாண்டா ஃபேயில் இருந்தபோது எனக்கு 400 கொடுத்திருந்தால் அந்த மனிதர் ஏமாந்திருப்பார். அன்று நான் 400க்கு உரிய பைலட் இல்லை. எதற்கு உரியவன் என்று கேட்டால், பக்கத்தில் கிழவரை வைத்துக்கொண்டு இன்னும் நாலு தடவை மலைக்குப் போய்வந்திருக்க வேண்டியவன்.

ஆகவே என் இரண்டாவது யோசனை: முதல் இரண்டு நியூ மெக்சிகோ பயணங்களுக்கு, மலை ஏர்போர்ட் பழகிய இன்ஸ்ட்ரக்டர் ஒருவரை வலது சீட்டில் உட்கார வைக்கச் சொல்லி ஓனரிடம் கேளுங்கள். அவருக்குக் கூலி ஓனர் கொடுக்கட்டும். நீங்கள் பாதிக் கூலி வாங்குங்கள், 200. அதற்குப் பிறகு 350. ஆனால் தொகை எதுவானாலும், பறக்காத நாளுக்கும் அது உண்டு என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தொகையில் இறங்கலாம், அதில் இறங்கக் கூடாது.

என் மனைவி இதைப் படித்துவிட்டு, "பாதிக் கூலி வாங்குங்கள் என்று ஊருக்குச் சொல்கிறீர்கள், போன மாதம் அந்த டென்வர்காரர் முழுசாகக் கொடுக்கவில்லை என்று வீட்டில் கத்தினீர்களே" என்கிறார். அது வேறு. விளக்கப் போவதில்லை.

ஜூலை 14, 2024

தலைப்புக்குச் சம்பந்தமில்லாத கேள்வி: "சின்ன விமானத்தில் இட்லி மாவு கொண்டுபோகலாமா?" கொண்டுபோயிருக்கிறேன். அல்பகர்க்கியில் உள்ள தங்கைக்கு, புளித்துக்கொண்டிருந்த மாவு, இறுக்கி மூடிய டப்பா. அழுத்தம் கட்டாத கேபின், 9,500 அடி. மாவு தானாகப் பொங்கும், வெளிக்காற்று அழுத்தமும் குறையும். ஒரு "டப்" சத்தம். எஞ்சின் போய்விட்டது என்று நினைத்துச் சமவெளியில் இறங்க இடம் தேட ஆரம்பித்துவிட்டேன். அரைப்பதற்கு முன் அரிசியாகவே கொண்டுபோங்கள்.

ஆகஸ்ட் 25, 2024

கேட்டவர் தன் முதல் தனிப் பயணம் முடித்துவிட்டார். இன்ஸ்ட்ரக்டரோடு இரண்டு, பிறகு இது. சாண்டா ஃபேயில் இரண்டாம் நாள் மதியம் மலைமேல் இடிமேகம் எழும்பியிருக்கிறது, ஆகஸ்டில் அங்கே வழக்கம்தான். இவர் காலை ஏழுக்கே போகலாம் என்றிருக்கிறார், பேரப்பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. பத்தரைக்கு எல்லாரும் ஏர்போர்ட் வந்தபோது இவர் வானத்தைப் பார்த்துவிட்டு "நாளைக்கு" என்றிருக்கிறார். மூன்றாம் நாள் காலை கிளம்பி வீடு சேர்ந்தார்கள்.

பில் எழுதி, அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டினார். மூன்று வரி. முதல் நாள் 350. மூன்றாம் நாள் 350. நடுவில் "இரண்டாம் நாள், காத்திருப்பு, 175" என்று இருந்தது. ஏன் பாதி என்றேன். "அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லையே அண்ணா, கூச்சமாக இருந்தது."

'காத்திருப்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'வானிலை முடிவு' என்று போடச் சொன்னேன். தொகையை 350 ஆக்கச் சொன்னேன். ஓனர் அன்று மாலையே 1,050 அனுப்பிவிட்டார். கூடவே ஒரு கேள்வி: அடுத்த மாதம் பேரப்பிள்ளைகளை ஆறு மணிக்கே எழுப்பிவிடவா?